ஒரு முடி உடையாமல்

— எங்க பாத்துப் பேசணும் மக்ளே? போன்ல இருக்க இந்தக் குழியைப் பாத்தா, இல்ல ஒன்னையப் பாத்தா?

— என்னையப் பாத்தே பேசுங்க செண்பகக்கா. போன் அதுபாட்டுக்கு ஓடும். இந்த ஊறுகாய்ப் பரணியில சாய்ச்சு வச்சுக்கறேன்.

— வச்சுக்க. மூடி சரியா இருக்காது, பாத்து. எனக்கு பொட்டு நேரா இருக்கா? நைட்டிக்கு மேல துவர்த்துத்துண்டு போட்டிருக்கது தெரியுமா?

— அக்கா, இது சேனல்ல போட இல்ல. எங்க வீட்டு வேலைக்கு நின்ன அம்மிணி நாளைக்கு இல்லேன்னு சொல்லிடக்கூடாது அல்லே, அதுக்குத்தான். நீங்க ஜன்னல் வழியா பாத்ததைச் சொன்னா போதும்.

— நான் சன்னல் வழியா ஒண்ணும் பாக்கது இல்ல. காத்துக்கு நிப்பேன், கண்ணு அதுபாட்டுக்குப் போகும். ஒங்க துணி துவைக்க கல்லை எனக்க அடுக்களைச் சன்னலுக்கு நேரே கெட்டி வச்சது நானா? வாடகை வாங்குத வீட்டுக்காரன். நமக்கு எதுக்கு அதெல்லாம்.

— சரி அக்கா, காத்துக்கு நின்னப்போ பாத்ததைச் சொல்லுங்க.

— சொல்லுகேன். ஆனா இதை நீ எங்கயும் போட மாட்டியே? எனக்க மைனிமாரு நாகர்கோயில்ல இருந்து ஒன் வீடியோ எல்லாம் பாக்காளுவ.

— சத்தியமா போட மாட்டேன்.

— தலையில அடிச்சு?

— என் தலையில அடிச்சு.

— அது போதும். இனி நீ சொல்லு, கேக்கேன். மொதல்ல என்ன நடந்ததுன்னு ஒன் வாயால வரட்டும்.

— அனுவோட முடி அக்கா. காலையில மாடி பாத்ரூம்ல பக்கெட்டுக்குப் பின்னால இந்தக் கவர் கிடந்தது. உள்ள முடி. ஒரு கைப்பிடி இருக்கும். நேத்து நான் ஆபீஸ்ல இருந்து வரும்போதே அனு உறங்கிட்டா, தலையில தொப்பி. இன்னைக்கும் அதைத் தூக்க விட மாட்டேங்கறா. காதோரம் கொஞ்சம் தெரிஞ்சது, குச்சி குச்சியா நிக்குது. பெத்தவ நான், என்ன மோளேன்னு கேட்டா, 'உடைஞ்சு போச்சு'ங்கறா.

— பாவம்.

— வேற யாரு அவளைக் குளிப்பிக்கறது? அம்மிணிதான். அதான் காலையிலயே வேலையை விட்டு அனுப்பிட்டேன்.

— போகதைப் பாத்தேன். பச்சைப் பையும் குடையும். 'போனக்காடு எஸ்டேட்டுக்குப் போறேன் அக்கா, அம்மைக்கு சொகமில்ல'ன்னா. எஸ்டேட்டுல அவ அம்மைக்கு முந்தாநாள் வரைக்கும் ஒரு கேடும் கிடையாது. அம்மிணி போன்ல பேசினா இந்தத் தெருவுக்கே தெரியுமே.

— என்னால தாங்க முடியல்ல அக்கா. அனு எல்.கே.ஜி. போற காலத்துல இருந்து வராள். கூடப்பிறந்தவ மாதிரி நினைச்சேன். வீட்டுச் சாவி அவ கையில. 'நீயா இதைச் செஞ்சே'ன்னு கேட்டா தரையைப் பாத்து நிக்கறா. இல்லேன்னு சொல்லக்கூட இல்ல. எப்படிச் செய்யணும்னு ஒவ்வொண்ணும் நானே காட்டிக் கொடுத்திருந்தேன்.

— எப்படின்னு எனக்கும் சொல்லேன். எனக்கு இருக்க நாலு முடியும் கோரைப்புல்லு மாதிரி நேராக் கெடக்கு. தெரிஞ்சு வச்சிருந்தா அடுத்த ஜென்மத்துக்கு ஆகும்.

— கிண்டல் பண்ணாதீங்க. சுருள்முடி ஈரமா இருக்கும்போது ரப்பர் மாதிரி இழுபடும். இழுபட்டு ஒரு கட்டத்துல அறுந்துடும். அதனால வெறும் ஈரத்துல சீப்பு வைக்கவே கூடாது. கண்டிஷனரோ தாளியோ, கை வழுக்குற அளவுக்குத் தேய்க்கணும்.

— தாளின்னா செம்பருத்தி இலையைக் கசக்கி எடுக்க கொழகொழப்புதானே? எனக்க வேலிச் செடி மொட்டையானதுக்கு காரணம் இப்போ தெரியுது. மேல சொல்லு.

— முடியை நாலாப் பிரிச்சு கிளிப்பு போட்டுக்கணும். முதல்ல விரலால சிக்கு எடுக்கணும். பின்னே பல்லு அகன்ற சீப்பு. அதுவும் உச்சியில இருந்து இல்ல, நுனியில இருந்து கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறணும். சிக்குக்கு மேல முடியை ஒரு கையால இறுக்கிப் பிடிச்சுக்கணும். அப்போ வேரு இழுபடாது, பிள்ளைக்கு வலிக்காது.

— வலிக்காது.

— வலிக்காது அக்கா. பொறுமையாச் செஞ்சா வலிக்காது. துவர்த்து வச்சுத் தேய்க்கக்கூடாது, பழைய பனியனால ஒத்தி எடுக்கணும். ஈரத்தோட கட்டக்கூடாது. வெள்ளிக்கிழமை பழவங்காடிக்குக் கூட்டிட்டுப் போறாளே அம்மிணி, அப்போ ஈரமுடியில நுனிமுடிச்சு போட்டு விட்டிருப்பாளா?

— கோயிலுக்கு நுனிமுடிச்சு போடாத பொண்ணு இந்த ஊர்ல யாரு இருக்கா? வரிசையில நின்னா எல்லா முதுகும் நனைஞ்சு இருக்கும். ஆனா ஒன் பிள்ளை மட்டும் முடியை விரிச்சுப் போட்டு, அதுக்கு அடியில ஒன் மாப்பிள்ளை வினீத்துக்க பழைய பனியனை விரிச்சுக்கிட்டுப் போவா. முதுகுல சிமெண்டுக் கம்பெனி பேரு. பிள்ளையாரே சிரிச்சிருப்பாரு. அம்மிணி நீ சொன்னதுல ஒரு எழுத்து மாத்தல்ல, கேட்டியா.

— அப்போ அவசரத்துல பேன்சீப்பு வச்சு இழுத்திருப்பா. நேத்து சாயங்காலம் நீங்க அந்த ஜன்னல்ல நின்னீங்க அல்லே? பாத்ததைச் சொல்லுங்க. ரெக்கார்ட் ஆகுது.

— அதுக்கு முந்தி அந்தக் கவரை இங்க தா. கண்ணாடி எங்க வச்சேன்? ஆங். இந்தப் பேப்பர்ல கொட்டு.

— ஒரு நிமிஷம், க்ளோசப் ஒண்ணு எடுத்துக்கறேன். ஈரமுடியை வலிச்சு இழுத்தா என்ன ஆகும்னு காட்டலாம்.

— இப்போதான போட மாட்டேன்னு சத்தியம் பண்ணின?

— உங்களைப் போட மாட்டேன் அக்கா. இது முடிதானே. உங்களுக்குப் புரியாது. நாளைக்கு ஒரு கம்பெனியில இருந்து வராங்க. அம்மாவும் மகளும் சேந்து தலை குளிக்கறதை எடுக்கணுமாம். எவ்வளவு நாள் காத்திருந்தேன் தெரியுமா? முடி நாரு மாதிரி இருக்குன்னு ஸ்கூல்ல என் பேரு தேங்காத்தும்பு. டீச்சரே அப்படித்தான் விளிப்பாங்க. எங்க அம்மா வருஷா வருஷம் ஒட்ட வெட்டி விட்டுடுவா. என் பிள்ளைக்கு அந்த நாணக்கேடு வரக்கூடாதுன்னுதான் இந்த சேனலே தொடங்கினேன். இனி அவங்ககிட்ட என்னத்தைக் காட்டட்டும்?

— மக்ளே, கொஞ்சம் போன் வழியாப் பாக்காம கண்ணால பாரு. நீயே சொல்லித் தந்த பாடந்தான் இது. ரெண்டு தடவை கேட்டிருக்கேன். உள்ளதைச் சொல்லணும்லா, ஒனக்கு நல்ல குரலு. வேரோட உதுந்த முடின்னா ஒரு முனையில வெள்ளையாப் பொட்டு மாதிரி இருக்கும்னு சொன்ன. ஒடைஞ்ச முடின்னா ஒண்ணு வெரக்கடை, ஒண்ணு சாணு, குட்டையும் நெட்டையுமாக் கெடக்கும்னு சொன்ன. இது எப்படிக் கெடக்கு?

— ஒரே நீளமா இருக்கு.

— அந்த முனையில என்ன?

— ரப்பர் பேண்ட். மஞ்சள். நேத்து ஸ்கூலுக்குப் போகும்போது நான்தான் ரெண்டு பக்கமும் கட்டி விட்டேன்.

— ஒடையுத முடி ரப்பரோட சேந்தா ஒடையும்? இது கத்திரி வேலை.

— அப்போ வெட்டிட்டாளா? சவுரிக்கு விக்கறதுக்கா? சாலை மார்க்கெட்டுல வாங்குறவங்க இருக்காங்கன்னு கேட்டிருக்கேன். என் பிள்ளை தலையில கை வச்சு, என் வீட்டுச் சோத்தைத் தின்னு...

— பைய பேசு, பரணி ஆடுது. விக்கதுக்கு வெட்டினவ அதைக் கவர்ல போட்டு ஒன் பக்கெட்டுக்குப் பொறத்தாலயா ஒளிச்சு வைப்பா?

— அப்போ வினீத். 'இந்தப் பாடு எதுக்கு, ஒட்ட வெட்டி விடு'ன்னு வரும்போதெல்லாம் சொல்வான்.

— கொச்சிக்குப் போன வினீத் இன்னும் வரல்ல. அவன் பைக்குச் சத்தம் எனக்குத் தெரியாதா? இன்னும் யாரு பாக்கி? என்னையும் ஒரு தடவை சொல்லிடு, தெருவுல எல்லாரும் முடிஞ்சிரும்.

— உங்களுக்குத் தெரியும். வந்ததுல இருந்து தெரிஞ்சுக்கிட்டே கதை கேக்கறீங்க.

— நமக்கு எதுக்கு அதெல்லாம்.

— செண்பகக்கா.

— சரி, கேளு. நேத்து சாயங்காலம் ஸ்கூல் வேன் வந்து நின்னுது. அனு எறங்கினா. வேனுக்குள்ள இருந்து பிள்ளைகள் எல்லாம் ஒண்ணாச் சேந்து ஒரு ராகம் போட்டுதுக. 'அம்மா போதும், அம்மா போதும்'னு, மூக்கை இழுத்து இழுத்து. வேன் வளைவு திரும்புறது வரைக்கும் விடல்ல. எனக்கு மொதல்ல ஒண்ணும் ஓடல்ல. இதை எங்கயோ கேட்டிருக்கோமேன்னு அடுப்படியில நின்னு யோசிச்சேன். பருப்பு அடிபிடிச்ச பெறவுதான் பிடி கிட்டுச்சு.

— அந்த வீடியோவா?

— 'ஒரு முடி உடையாமல்'னு தலைப்பு வச்சு நீ போட்டது. நுனியில இருந்து பைய பைய ஏறிக்கிட்டே இருக்க. பிடரியில ஒரு சிக்கு. பிள்ளை அழுகா. மூக்கு ஒழுகுது, துடைக்கக்கூட கை இல்ல, ரெண்டு கையிலயும் கிளிப்பைக் கொடுத்து வச்சிருக்க. 'அம்மா போதும், அம்மா போதும்'ங்கா. நீ கேமராவைப் பாத்துச் சிரிச்சு, 'இங்கதான் பொறுமை வேணும் கைஸ்'ங்குற.

— அது நேச்சுரலா வந்திருந்தது அக்கா. நிறைய அம்மாமார் எழுதினாங்க, எங்க வீட்டுலயும் இதே கதைதான்னு. அவ்வளவு பேர் இதுக்கு முன்ன பாத்ததே இல்ல. அந்தக் கம்பெனி விளிச்சதும் அதைப் பாத்துத்தான்.

— நானும் ஒரு ஹார்ட்டு போட்டேன். இல்லேங்கல்ல. மைனிமாருக்கும் அனுப்பினேன். அழுதாலும் ஒன் மக அழகாத்தான் இருந்தா.

— ஒரு சின்ன பிட். அதுக்குப் போய்...

— அழுததை வெட்டி எடுத்துடுவேன்னு அவகிட்ட சொன்னியாமே.

— யாரு சொன்னா?

— அனுதான். நேத்து துணிக்கல்லுல உக்காந்துக்கிட்டு அம்மிணிகிட்ட சொன்னா. நான் காத்துக்கு நின்னேன். 'அம்மா போட மாட்டேன்னு சத்தியம் பண்ணினா'ன்னா. என்னன்னு சத்தியம் பண்ணினான்னு அம்மிணி கேட்டா.

— அக்கா, வேண்டாம்.

— 'என் தலையில அடிச்சு'ன்னாளாம். எனக்கும் இப்போ அதே சத்தியந்தான் கிடைச்சிருக்கு, பாத்துக்க.

— கத்திரி யாரு கொடுத்தா?

— யாரும் கொடுக்கல்ல. அனுவுக்க பள்ளிக்கூடப் பையில இருந்தது, சார்ட்டு வெட்டுகதுக்கு. அம்மிணி தாளி கசக்க உள்ள போன நேரம். மஞ்ச ரப்பரை ஒரு கையில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, அதுக்கு மேல வச்சு வெட்டினா. ஒரு வெட்டுல போகல்ல. கிறுகிறுன்னு அறுத்தா. மறுபக்கம் கை வச்சப்போ அம்மிணி வந்துட்டா. கத்திரியைப் பிடுங்கினா. அடிப்பாள்னு பாத்தேன். சவம், பக்கத்துல உக்காந்து அவளும் சேந்து அழுகா. தாளிக்கிண்ணம் அப்படியே கெடந்து காயுது.

— பின்னே?

— 'அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு'ன்னா அனு. அம்மிணி தலையில ஒண்ணும் அடிக்கல்ல. 'சொல்ல மாட்டேன்'ன்னா. அவ்வளவுதான்.

— காலையில நான் அவளை என்னவெல்லாம் சொன்னேன் தெரியுமா? கள்ளின்னுகூட...

— கேட்டுது. சன்னல் தொறந்துதான் கெடந்தது.

— நேத்தே ஒரு வார்த்தை நீங்க வந்து சொல்லியிருக்கலாமே அக்கா. எல்லாருக்கும் எல்லாம் சொல்வீங்களே.

— அதைத்தான் நானும் ராத்திரி முழுக்க எனக்கே கேட்டுக்கிட்டு கெடந்தேன். ஒரு சேதி எனக்க வாயில ஒரு மணிக்கூர் தங்கினது கிடையாது. ஆனா வெட்டின கையோட அந்தப் பிள்ளை நிமிந்து பாத்துச்சு, சன்னல்ல நான். வெரலை உதட்டுல வச்சா. நானும் தலையை ஆட்டிட்டேன். இப்போ ஒன் போன் முன்னால உக்காந்து எல்லாத்தையும் ஒப்பிச்சாச்சு. அம்மிணிதான் பெரிய மனுஷி, நான் எப்பவும் போலத்தான்.

— அவ பஸ் ஏறியிருப்பாளா?

— கிழக்கேகோட்டை ஸ்டாண்டுல உக்காந்திருக்கா. நீ வருகதுக்கு முந்தியே விளிச்சு, நான் சொல்லாம ஏறாதேன்னேன். ஏன்னு கேட்டா. சும்மா இருன்னேன். அவளை அப்புறம் கூட்டிக்கலாம். மொதல்ல பிள்ளையை விளி.

— அனு. அனு மோளே, கீழ செண்பகம் அத்தை வீட்டுக்கு வா. ஏச மாட்டேன். ஒண்ணும் சொல்ல மாட்டேன், வா.

— வருகா. தொப்பியும் உண்டு. பைய வா மக்ளே, படி நனைஞ்சு கெடக்கு.

— இங்க வா, அம்மா பக்கத்துல உக்காரு. தொப்பியை எடுக்க வேண்டாம், இருக்கட்டும். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். கோவம் இல்ல. நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காதே மோளே. அழணும்னா அழுதுடு.

— செண்பகம் அத்தை, அந்தப் போனைக் கவுத்தி வைங்க. பின்னே அழறேன்.