தாழ்ப்பாள் யார் பக்கம்

“தாப்பாள எந்தப் பக்கம் வெக்கறதுன்னு மேஸ்திரி கேக்கறாருங்க.”

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து தர்மபுரிக்குப் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவி கேட்டார்.

“எந்தக் கதவுக்கு?”

“எங்கம்மா ரூமுக்கும் நம்ம வூட்டுக்கும் நடுவுல வெக்கற கதவுக்குதான். உள்ளாற வழி இருந்தாத்தான் அந்த ரூமையும் வூட்டோட சேத்து மதிப்பு போட முடியும்னு லோனுக்கு வந்த இன்ஜினியர் சொன்னாரில்ல. செவுத்த ஒடச்சிட்டாங்களாம்.”

“அத்தை என்ன சொல்றாங்க?”

“நம்ம பக்கம் வெக்கச் சொல்லுது. மருமகன் உக்காந்திருக்கறப்ப தெரியாம உள்ள வந்துடக் கூடாதாம்.”

கணவர் மனைவி பக்கம் திரும்பினார்.

“ஆறு வருசமா ஒட்டுன ரூமுல இருக்காங்க. ஒரு நாளாச்சும் நம்ம வூட்டுக்குள்ள வந்து உக்காந்து சாப்புட்டிருப்பாங்களா? தாப்பாள அவங்க பக்கம் வெக்கச் சொல்லு. எப்பத் தோணுதோ தெறந்துக்கிட்டு வரட்டும்.”

மனைவி அதை அப்படியே போனில் சொன்னார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“அம்மா போன வாங்கிடுச்சுங்க. நீங்க சொன்னத மேஸ்திரி சொல்லிட்டாராம்.” குரல் இறங்கியிருந்தது. “கதவே வேணாமாம். ஒரு திரை இருந்தாப் போதுமாம்.”

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“டவுனுக்குத்தான போறோம். என்னா கலரு வேணும்னு கேளு.”