அஞ்சாவது ஆடு

— அம்பத்தாறாயிரம் சோம் பணம், அப்பா. நாலு ஆடு, தலைக்குப் பதினாலாயிரம். அது நான் உங்களுக்குக் குடுக்க வேண்டிய கடன்.

— வந்ததும் வராததுமா என்ன கணக்கு இது, பெகாயிம்? காருக்குள்ள வா குட்டி, பனிக்காத்து முகத்தை அறுக்குது.

— வரமாட்டேன். டிக்கியைத் திறங்க.

— டிக்கியில என்ன இருக்கப்போகுது? அம்மா பொரிச்ச போர்சோக் ரொட்டி ஒரு மூட்டை. உனக்குன்னு சுடச்சுட எடுத்தா.

— போர்சோக் செருமுமா?

— செருமலையே.

— இதோ, மறுபடியும் செருமுது.

— சரிடி. ஆடுதான். மலையிலேருந்து வர்றவன் வெறுங்கையை வீசிக்கிட்டா வரமுடியும்?

— யாருக்கு?

— உனக்குத்தான். பரீட்சை முடிஞ்சதும் ஹாஸ்டல் பிள்ளைங்களோட சேர்ந்து...

— ஹாஸ்டல்ல இருக்கறது ரெண்டு மின்னடுப்பு. அதுல ஒண்ணு எரியாது. முழு ஆட்டை எதுல வேக வைக்கறது? இது இசாபெக் வாத்தியாருக்கு. அஞ்சாவது ஆடு.

— எந்த நாக்கு சொல்லிச்சு உனக்கு?

— நாக்கு இல்ல, காது. நேத்து காலேஜ் பட்டியில குளம்பு சீவுற பயிற்சி. வரிசையா நாலு ஆடு. இடது காதுல மேல முக்கோண வெட்டு, கீழ ஒரு கீறல். அது யார் வீட்டுக் குறி?

— பட்டியிலயா? நான் வாத்தியார் வீட்டு வாசல்லதானே இறக்கினேன்!

— அப்போ இறக்கினது நிஜம்.

— ...போச்சு. என் வாயை நானே கிளறிட்டேன்.

— பதினோரு பேர் சுத்தி நிக்கறாங்க. "இது எந்த வீட்டுக் குறி?"ன்னு ஒருத்தன் கேட்டான். தெரியாதுன்னேன். நம்ம வீட்டுக் குறியை எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்ப்பா.

— அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

— வேற எப்படிச் சொல்றது? இது எங்கப்பா எனக்கு வாங்கிக் குடுத்த மார்க்குன்னா?

— கத்தாதே, வாட்ச்மேன் பாக்கறான். நான் என்ன சொல்றேன்னா, முதல் வருஷம் நீ போன்ல அழுதே. எலும்புக்கெல்லாம் லத்தீன்ல பேரு, மண்டையில ஏறமாட்டேங்குதுன்னு அழுதே. நானும் உங்கம்மாவும் அன்னிக்குச் சாப்பிடவே இல்ல.

— அழுதேன். நீங்க சும்மா கேட்டுக்கிட்டிருந்தா போதும். ஆட்டைப் புடிச்சிட்டீங்க.

— வேற எதைப் புடிக்கறது? சொல்லு. எட்டு குளிர்காலம் சைபீரியாவுல சிமெண்ட் மூட்டை தூக்கினவன் நான். உன் புத்தகத்துல ஒரு வரி எனக்குப் புரியுமா? உன் பக்கத்துல உக்காந்து சொல்லித்தர முடியுமா? எனக்குத் தூக்கத்தான் தெரியும். தூக்கிட்டு வந்தேன்.

— என்னையும் சேர்த்துத் தூக்கிட்டீங்க. நாலு பரீட்சை தாண்டியிருக்கேன். அதுல எது என்னுது?

— எல்லாம் உன்னுதுதான்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியலையே. நாளைக்கு ஒருத்தர் மாட்டு வயித்துல நான் கத்தி வைக்கணும். மாடு செத்துப்போனா அவங்க வீட்டுக்கும் ஆடு கொண்டுபோவீங்களா?

— இன்னிக்கு ஒரு நாள் மட்டும், குட்டி. அறுவைப் பாடம் கஷ்டம், பாதிப் பேர் விழுவாங்கன்னு நீதானே சொன்னே.

— இந்த ஆடு இங்க இறங்கினா நான் பரீட்சைக்குப் போகமாட்டேன்.

— போகலைன்னா பேரை அடிச்சிடுவாங்கடி! ரெண்டு வருஷப் பாடு!

— அடிக்கட்டும்.

— அப்படியே உங்கம்மா பிடிவாதம். ஐயோ, வாத்தியாரே வர்றார்.

— ஷர்ஷென்! மறுபடியும் நீதானா? பெகாயிம், உள்ளே வாம்மா, பேர் கூப்பிடப் போறோம்.

— வாத்தியாரய்யா... சும்மா இந்தப் பக்கமா வந்தேன்.

— சும்மா வர்றதுக்கு அஞ்சு மணி நேரம் மலைப்பாதையா?

— இசாபெக் ஐயா, உள்ளே வர்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. மார்க் என்னோடதா, எங்கப்பா ஆட்டோடதா?

— ஏய், பெகாயிம்! பெரியவர்கிட்ட என்ன பேச்சு!

— விடு ஷர்ஷென், கேட்டாச்சு. இங்க பாரும்மா. உங்கப்பா முதல் ஆட்டை நீ சேர்ந்த வருஷம் டிசம்பர்ல கொண்டுவந்தார். வேண்டாம்னேன். அப்படியே அழுதுடுவார் போல நின்னார். அந்தப் பனியில கணவாயைத் தாண்டி வந்த மனுஷனை ஆட்டோட திருப்பி அனுப்ப எனக்கு மனசு வரலை. பட்டியில விட்டேன். பதிவேட்டுல அவர் ஆடுன்னே எழுதி வெச்சேன். நாலும் அப்படித்தான். எப்ப வேணா ஓட்டிட்டுப் போகலாம். அது இருக்கட்டும், ஜனவரியில உன்னை என்ன பண்ணினேன்?

— ஃபெயில் பண்ணினீங்க.

— ஃபெயிலா? ஆட்டை வாங்கிக்கிட்டு ஃபெயில் பண்ணினீங்களா?

— எலும்பைக் காட்டினா, விருந்துல அது யாருக்குப் போகும்னு சொன்னா, ஷர்ஷென். இது பெரியவருக்கு, இது மருமகளுக்குன்னு. பேரைக் கேட்டா முழிச்சா. நான் சமையலுக்கா ஆள் எடுக்கறேன்?

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடி!

— சொல்லியிருந்தா ரெண்டு ஆடு வந்திருக்கும். பிப்ரவரியில திரும்ப எழுதினேன்.

— தினமும் சாயங்காலம் பிணவறைக் குளிர்ல உக்காந்து ஒவ்வொரு எலும்பையும் கையில வெச்சுக்கிட்டுப் படிச்சா. அந்த மார்க்கை ஆடு வாங்கலைம்மா. ரெண்டு நிமிஷத்துல உள்ளே இருக்கணும் நீ. ஷர்ஷென், அந்த ஜீவனுக்குக் கொஞ்சம் தண்ணி காட்டிட்டு வீட்டுக்குக் கொண்டுபோ.

— போயிட்டார்.

— நானும் போகணும்ப்பா.

— அப்போ நான் கொண்டுவந்த நாலும் ஒண்ணுக்கும் உதவலை.

— குளம்பு சீவக் கத்துக்கிட்டோம்.

— சிரிக்காதே. ஃபெயிலாயிட்டு ஒரு மாசம் தனியா எப்படி இருந்தே?

— இருந்தேன்ப்பா. முதல் வாரம்தான் கஷ்டம்.

— நாங்க அந்த வாரம் பக்கத்து வீட்டு விருந்துல ஆடிக்கிட்டிருந்தோம்.

— நல்லவேளை. அப்பா, எனக்கு நேரமாச்சு. ஆடு பட்டியிலயே இருந்தாலும் கடன் கடன்தான். எனக்காகத்தானே வீட்டை விட்டுப் போச்சு நாலும். கோடையில கால்நடை மருந்துக்கடையில வேலை பேசி வெச்சிருக்கேன், மாசம் பன்னெண்டாயிரம்...

— நிறுத்து. உன் அண்ணன் தனிக்குடித்தனம் போனப்ப நான் என்ன பண்ணினேன்?

— பங்கு பிரிச்சு விட்டீங்க. பன்னெண்டு ஆடு, ஒரு பெட்டைக் குதிரை.

— அதுக்கப்புறம் அவன் விஷயத்துல வாயைத் திறந்தேனா? அந்தக் குதிரையை அடிமாட்டு விலைக்கு வித்தான். அப்பவாவது?

— திறக்கலை. பங்கு பிரிச்சா அப்புறம் கேக்கக் கூடாது, அதானே முறை. இப்ப எதுக்கு அண்ணன் பேச்சு? பேர் கூப்பிடறாங்க.

— போ, போ. ஓடு.

— ரிசல்ட் சாயங்காலம்தான் வரும். நிப்பீங்களா?

— நிக்கலை. இருட்டறதுக்குள்ள கணவாயைத் தாண்டணும்.

— நீங்களா? ரிசல்ட்டுக்கு நிக்காமலா? கோவமாப்பா?

— கோவம்தான், போற வழியில தீந்துடும். கடன்னு ஒண்ணும் கிடையாது, பெகாயிம். நம்ம பக்கம் பொண்ணுக்கு யாரும் பங்கு பிரிச்சதில்ல, கேட்டா சிரிப்பாங்க, சிரிக்கட்டும். பட்டியில நிக்கிற அந்த நாலும் உன் பங்கு. பிரிச்சு விட்டுட்டேன்.