வாலியர் ஊட்டுக்குள்ள துலுக்கானம்

நாகப்பன்: ...மாமா, உள்ள நீதான் கீறேன்னு தெரியும். பொந்துக்கு வெளிய உன் செருப்பு கீது. வாரு அறுந்து ஊக்கு குத்துன செருப்பு ஊரு ஒலகத்துல உன்னுது ஒண்ணுதான்.

துலுக்கானம்: நீ ஏன்டா வந்த? நமக்குள்ளதான் பேச்சு வார்த்தையே இல்லியே.

நாகப்பன்: பேச வரல. புது பஸ் ஸ்டாண்டு வந்தாலும் வந்துச்சி, குத்தம்பாக்கம் தாண்டி எல்லாம் பிளாட்டு. இந்த மேட்டையும் நெரவப் போறானுங்க. ஜேசிபி வந்துகினு கீது. உள்ள ஒரு கெழவன் குந்திகினு கீறான்னு டிரைவருக்கு ஜோசியமா தெரியும்? வெளிய வா.

துலுக்கானம்: வர மாட்டேன். நான் போராட்டம் பண்றேன்.

நாகப்பன்: இன்னாத்துக்கு?

துலுக்கானம்: இது வாலியர் ஊடு. ஆதியில வாலியருன்னு முழம் ஒசரத்துக்கு மனுசனுங்க இருந்தானுங்க. நெருப்பு மழ வரப்போவுதுன்னு தெரிஞ்சி, செம்பாறையக் கொடைஞ்சி உள்ள பூந்துகினானுங்க. அத்த இடிச்சா சும்மா உட்ருமா?

நாகப்பன்: பூந்தவன் தப்பிச்சானா?

துலுக்கானம்: எங்க தப்பிச்சான். எலும்பாத்தான கெடச்சான்.

நாகப்பன்: அப்ப உனக்கும் அதே கதிதான். ஆமா, நாய் பூர்ற பொந்துல நீ எப்படி பூந்த?

துலுக்கானம்: தலைய உட்டேன், ஒடம்பு பின்னாலயே வந்துச்சி. உங்க அக்கா போனதுலேர்ந்து சோறு யாரு போடறா. எளைச்சிட்டேன். கீறியா, போய்ட்டியா?

நாகப்பன்: கீறேன்... போன மாசம் காலேஜ் பசங்கள கூட்டிகினு ஒரு மேடம் வந்துச்சி. டேப்பு வெச்சி அளந்தாங்க. இத்த கொடைஞ்சது வாலியரும் இல்லியாம், ஊர்ல சொல்ற மாதிரி பாண்டவரும் இல்லியாம். ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்ன, நம்பள மாதிரி ஆளுங்கதான் உளிய வெச்சி கொடைஞ்சானுங்களாம். செத்தவங்கள வெக்கறதுக்கு.

துலுக்கானம்: அந்தம்மா பாத்துச்சா?

நாகப்பன்: படிச்சிருக்குது மாமா.

துலுக்கானம்: படிச்சவன்தான் ஏரியில பிளாட்டு போட்டான். போவியா.

நாகப்பன்: முழுசா கேளு. பொணத்த வேற எங்கனா போட்டு, சதையெல்லாம் போனப்புறம், எலும்ப மட்டும் பொறுக்கி பானையில வெச்சி, இதுக்குள்ள வெப்பாங்களாம்.

துலுக்கானம்: ...எலும்பு மட்டுமா?

நாகப்பன்: ஆமா. ஏன்?

துலுக்கானம்: சும்மா கேட்டேன்.

நாகப்பன்: உள்ள இன்னா சொரண்டற சத்தம்?

துலுக்கானம்: முதுகு அரிக்குது.

நாகப்பன்: மெதுவா பேசு. லேஅவுட்டு சூப்பர்வைசரு வரான், மோகன்னு பேரு.

மோகன்: என்ன பெருசு, யார் கூட பேசிட்டு இருக்கீங்க?

நாகப்பன்: ஆடு ஒண்ணு உள்ள பூந்துகிச்சி சார்.

மோகன்: ஆடு போராட்டம்னு சொன்ன மாதிரி கேட்டுச்சே.

நாகப்பன்: எங்க ஊரு ஆடு சார்.

மோகன்: ஆடோ மாடோ, வண்டி கேட்டுக்கு வந்திருச்சு. சீக்கிரம் புடிச்சிட்டுப் போயிருங்க. பின்னாடி என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.

நாகப்பன்: போய்ட்டான். கேட்டல்ல? கால வெளிய நீட்டு, இழுக்கறேன்.

துலுக்கானம்: இன்னும் கொஞ்ச நேரம்டா. இருட்டுல ஒண்ணும் தட்டுப்படல.

நாகப்பன்: இன்னா தேடற?

துலுக்கானம்: தேடல. போராட்டம்.

நாகப்பன்: தங்கம் கீதுன்னு எவனா சொன்னானா? எங்க தாத்தன் காலத்துலயே நோண்டிப் பாத்துட்டானுங்க. ஓட்டாஞ்சில்லுதான் மிச்சம்.

துலுக்கானம்: தங்கத்த வெச்சி நான் இன்னா பண்ணப் போறேன். போட்டுக்க அஞ்சலை இல்ல.

நாகப்பன்: எங்க அக்கா பேர நீ எடுக்காத.

துலுக்கானம்: எடுப்பேன். கட்னவன்.

நாகப்பன்: கட்னவன் பண்ற காரியமா அது? நம்ப பரம்பரையில யாரன்னா நெருப்புல வெச்சிருக்கமா? மண்ணுலதான படுக்க வெப்போம். நீ கரண்டு மிசின்ல தள்ளி பட்டன தட்டிட்ட. அடுப்புல வெரல் சுட்டாலே தெருவக் கூட்டுவா எங்க அக்கா.

துலுக்கானம்: எங்க பக்கம் பொதைக்க எடமே இல்லன்னுட்டான். உங்க ஊருக்கு ஓடியாந்தேன். பெரிய மனுசனுங்க எல்லாம் வரிசையா குந்திகினு, கட்டிக் குடுத்த பொண்ணு பொணம் பொறந்த ஊரு இடுகாட்டுக்கு வரக்கூடாதுன்னானுங்க. கால்ல உழுந்தேன். நீ இன்னா பண்ண? லைட்டு கம்பம் மாரி நின்னுகினு இருந்த.

நாகப்பன்: ...நின்னேன்.

துலுக்கானம்: என்னிக்கோ செத்தவனுக்கு பாறையக் கொடைஞ்சி ரூமு போட்டுக் குடுத்துகீறான். ஒடம்பு தேய உழைச்சவளுக்கு ஒரு பள்ளம் கெடைக்கல.

நாகப்பன்: உடு. அஸ்தியத்தான் கடல்ல கரைச்சிட்டேன்னு சொன்னியே.

துலுக்கானம்: ம்.

நாகப்பன்: எந்தக் கடல்ல?

துலுக்கானம்: எண்ணூர்ல.

நாகப்பன்: காரியத்தன்னிக்கு பட்டினப்பாக்கம்னு சொன்ன.

துலுக்கானம்: தண்ணி எல்லாம் ஒண்ணுதான்டா.

நாகப்பன்: வண்டி சத்தம் கேக்குதா? ஏறிகினு கீது. சொல்லு மாமா. உன் வாயால சொல்லு.

துலுக்கானம்: ...கடலுக்கு நான் போவவே இல்ல நாகப்பா. தண்ணின்னா அவளுக்கு பயம். சின்ன வயசுல ஆடு மேய்க்கறப்ப, மழ வந்தா நீங்க ரெண்டு பேரும் இங்கதான் பூந்துப்பீங்களாமே. சாவறதுக்கு மொத நாளு கூட அந்தக் கதையத்தான் சொன்னா. அதான் சட்டியோட கொண்டாந்து இந்த மூலையில வெச்சிட்டுப் போனேன். இடிக்கறாங்கன்னு கேள்விப்பட்டு எடுக்க வந்தா... இல்லடா. எல்லா மூலையும் தடவிட்டேன்.

நாகப்பன்: மாமா...

துலுக்கானம்: அந்தக் காலேஜ்காரங்கதான் தூக்கினு போய்ட்டாங்க. கண்ணாடிப் பொட்டியில வெச்சி, ரெண்டாயிரம் வருசத்துப் பொம்பளன்னு எழுதி வெச்சிருப்பாங்க. யாரு கேப்பா? அவ பேரு அஞ்சலைன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?

நாகப்பன்: அவங்க எடுக்கல. நீ மொதல்ல வெளிய வா.

துலுக்கானம்: அவள உட்டுட்டு வர மாட்டேன். மண்ண தள்ளட்டும்.

நாகப்பன்: நான் எடுத்தேன் மாமா. பிளாட்டு போட இங்க கொடி நட்டப்பவே உள்ள பூந்து பாத்தேன். மூலையில சட்டி, அவ செவப்பு சீலைத் துணியில கட்டி... பாத்ததும் தெரிஞ்சிபோச்சி. தூக்கினு போய் இடுகாட்டுல எங்க அம்மா தலைமாட்டுலயே பொதைச்சிட்டேன். ஊர்ல ஒருத்தனையும் கேக்கல. உனக்கு போன் போட்டு சொல்லத்தான் கை வரல. பாலு மட்டும் இன்னும் ஊத்தல... அத்த கட்னவன்தான் ஊத்தணும். பால் பாக்கெட்டு பையில கீது, வெயில்ல திரிஞ்சிடும், கைய நீட்டு.