மறுகா பாடின மனிசன்

ஓம் மனே, அவரேதான். மறுகா பாட்டுப் பாடின உதயரூபன் எண்டா, இந்தா கோழிக்குத் தவிடு குழைச்சித்து நிக்கிறவர்தான். என்ன அப்பிடிப் பாக்கிறீங்க? மினுக்குச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் போட்டித்து நிப்பார் எண்டு நினைச்சீங்களோ? இரிங்க, தேத்தண்ணியக் குடிங்க. அவர உங்கட விழா மேடைக்கு விடுறதோ இல்லையோ எண்டத நான் யோசிச்சுச் சொல்றன். உங்களுக்கு முன்னமும் ஆக்கள் வந்து கேட்டவங்கதான். நான் விடல்ல. கட்டின மனிசன்ர பேரப் பொறுக்காத பொம்புள எண்டு ஊருக்க கதை. கதைக்கட்டும்.

அந்தப் பாட்டு வந்த கதை தெரியுமோ? எங்க தெரியும், நீங்க அப்ப பிறக்கவுமில்ல. எண்பதுகள்ள கொழும்புக்குப் பாட்டுப் பதியப் போனார். பாடிக்கொண்டு போகக்குள்ள ரெண்டாம் வரி மறந்து பெயித்து. தலையச் சொறிஞ்சித்து, மறுகா... மறுகா... எண்டு நிண்டிருக்கார். பிறகு என்ன எண்டு யோசிக்கக்குள்ள நம்மட ஆக்கள் சொல்லுவமே, அதுதான். ட்றம் அடிச்சவன் கொழும்பான், அவனுக்கு என்ன தெரியும்? அதுவும் பாட்டுத்தான் எண்டு நினைச்சுப் போட்டு வெளுத்தான். இவரும் விடல்ல. காலையும் ஆட்டித்து, மறுகா மறுகா எண்டு இழுத்துத் தள்ளினார். மற்ற வரியெல்லாம் இண்டைக்கு ஆருக்கும் தெரியா. அவருக்கே தெரியா!

அந்தச் சொல் தெரியாத யாழ்ப்பாணத்தில பாடப் போனா, மறுகா எண்டது உங்கட மனிசியின்ர பேரோ எண்டு கேட்டவையாம். இவர் வெக்கப்படாம ஓம் எண்டித்து வந்தித்தார். மறுகா அக்காவுக்கு எண்டு அவங்க சீலையும் குடுத்து விட்டாங்க. நல்ல சீலை மனே, நான் ஏன் வேணாம் எண்டுறன்?

சண்டைக் காலத்தில மேடை எங்க, மைக் எங்க? ஒருக்கா ஆமிச் சென்றிப் பொயின்றில பிடிச்சு இருத்தி வச்சித்தாங்க. அங்க நிண்ட சிங்களப் பொடியன் இவர்ர முகத்தப் பாத்தித்து, மறுகா மறுகா எண்டு கால ஆட்டினானாம். துவக்கோட ஆடினானாம். விட்டித்தாங்க. இப்ப சித்தாண்டி, கிரான் எண்டு எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் பொடியன்மார் இவர்ர கால் ஆட்டத்தத்தான் ஆடுறாங்க. நீங்களும் ஆடுவீங்க, மறைக்காதீங்க. ஐஸ்பழம் விக்கிற வானில அஹமட் அந்த மெட்டப் போட்டித்து வந்தா, ஆரோ என்ர பாட்டக் கெடுக்கான் எண்டு இவர் வாசலில நிண்டு ஏசுவார்.

சரி, கூட்டித்துப் போங்க. சண்டையும் முடிஞ்சித்து, மனிசனும் ஒருக்காப் பாடட்டும். பாட முன்னம் சோறு குடுக்காதீங்க, ஏப்பம் விட்டு விட்டுப் பாடுவார். ஆடச் சொல்லாதீங்க. சொல்லாட்டியும் ஆடுவார், பக்கத்தில ஒராள் நிக்கட்டும்.

அதோட மனே, சுனாமியில செத்த ஆக்களுக்கு எழும்பி நிக்கிறதும் விளக்கு வைக்கிறதும் இரிக்கோ? ஓம், அது வேணும்தானே. அது முடிஞ்ச பிறகு இவரக் கூட்டித்து வாறன். அறிவிப்புச் செய்யிறவரும் அதப்பத்தி ஒண்டும் கதைக்கப்படா. நாவலடியில கடல் அடிச்சண்டைக்கு இவருக்குத் தலையில மரம் பட்டது. பழசெல்லாம் ஞாபகம் இரிக்கு, அந்த நாள்தான் இல்ல. எங்கட மகள் கம்சாயினியக் கடல் கொண்டுபோனது அவருக்குத் தெரியா. முதல்ல உள்ளதச் சொன்னன். விழுந்து அழுதார். விடிய மறந்து போய், திரும்பவும் கேட்டார். திரும்பவும் சொன்னன், அண்டைக்குத்தான் கேக்கிற மாதிரி திரும்பவும் அழுதார். எனக்கு ஏலாமப் போயித்து மனே.

மேடையில ஏறினா அவளத்தான் தேடுவார். கேட்டா, டியூசன் முடிஞ்சு வந்திருவா எண்டு சொல்லுங்க. நம்பிருவார்.

எங்களக் கூட்டித்துப் போக வான எத்தின மணிக்கு அனுப்புவீங்க?