நாற்பத்தேழாம் ஆணி

— அண்ணே, கையை எடுங்க. அந்த ஆணியில எதையும் மாட்டாதீங்க.

— மாட்டலைன்னா வீட்டுக்குப் போற எண்ணம் இல்லையா உனக்கு? அஞ்சு மணிக்கு கேட்டைப் பூட்டணும், இன்னும் பதினெட்டு நிமிஷம்தான் இருக்கு. அறுபது ஆணியில ஐம்பத்தொன்பதுல டோக்கன் தொங்குது. நாற்பத்தேழு மட்டும் மொட்டையா நிக்குது. டூப்ளிகேட்டை எடுத்து மாட்டினா ஜோலி முடிஞ்சுது. ஆமாவா இல்லையா?

— இல்லை. உள்ளே போன ஆள் இறங்கி வந்து டோக்கனைக் கையில குடுத்தாத்தான் ஆணியில ஏறணும். ஆணி காலின்னா மலை மேல ஆள் இருக்குன்னு அர்த்தம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?

— முதல் நாள் எல்லாருக்கும் அப்படித்தான் சொல்றது. கல்யாணத்தன்னிக்கு என் பொண்டாட்டிகிட்டகூட என்னென்னமோ சொன்னேன்.

— சிரிப்பு வரலை எனக்கு.

— உனக்கு எப்போதான் வந்துச்சு? இங்க பாரு டிகிரி. நாலு மணிக்குக் கும்பல் கும்பலா இறங்குறாங்க. பாதிப் பேருக்குப் பாக்கெட்டுல டோக்கன் இருக்கிறதே மறந்து போகுது. வீட்டுக்குக் கொண்டுபோய் சாவிக்கொத்துல மாட்டிக்கிறான். மாசத்துக்கு மூணு நாலு இப்படிக் காணாமப் போகும். அதுக்குத்தானே டிராயர் நிறைய டூப்ளிகேட் அடிச்சு வச்சிருக்கு?

— காணாமப் போனது டோக்கனா ஆளான்னு யாரு பார்த்தா?

— யாராவது தேடிக்கிட்டு வந்தாங்களா? வரலை. அப்போ வீடு போய்ச் சேர்ந்துட்டாங்க.

— இதை எழுதிக் குடுங்க. ‘தேடி யாரும் வரலை, அதனால ஆள் பத்திரம்’னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. பலகைக்குப் பக்கத்துல ஒட்டி வைக்கிறேன்.

— எதுக்கெடுத்தாலும் எழுதிக் குடு, எழுதிக் குடு! படிச்ச புள்ளைங்களோட இதே ரோதனை.

— போன் அடிக்குது. இருங்க, கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. ஹலோ, சொல்லுங்க சார். ஆமா, காலையில ஆறு மணியிலேர்ந்து. உள்ளே விடுறது மூணு மணி வரைக்கும்தான் சார். மூணரை இல்லை, மூணு. குழந்தைக்குப் பாதிக் கட்டணம். எத்தனை வயசு? பதினேழு வயசெல்லாம் குழந்தை இல்லை சார். கேமராவுக்குத் தனி. கைடு தனி. குடும்பமா வந்தா கைடு கட்டாயமில்லை. தனி ஆளா வந்தா கைடு எடுத்தே ஆகணும். ஆமா சார், தனியா வந்தா செலவு ஜாஸ்திதான். நான் போட்ட ரேட் இல்லை சார், வைக்கிறேன்.

— பதினேழு வயசுக் குழந்தையா? தொட்டில் கேட்டானா?

— அண்ணே, நாற்பத்தேழு பாக்கெட்டுல போகலை. அது யாருன்னு எனக்குத் தெரியும்.

— யாரு?

— மூணு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கிறப்போ ஓடி வந்தாளே, மஞ்சப் பை மாட்டிக்கிட்டு. காலேஜ் பொண்ணு. தனியா வந்தா.

— தனியாவா? ரசீதுல கைடு கட்டணம் காணோமே!

— அவகிட்ட நுழைவுச் சீட்டுக்குத்தான் காசு இருந்துச்சு. கைடுக்கு அதைப் போல ஆறு மடங்கு கேட்டா எங்கே போவா? ரெண்டு பஸ் மாறி வந்திருக்கா. முன்னாடி ஒரு குடும்பம் நின்னுச்சு, நாலு பேர். அவங்களோட சேர்த்து அஞ்சுன்னு எழுதிட்டேன்.

— அடிப்பாவி! அது நான் பண்ற வேலை ஆச்சே!

— உங்ககிட்ட பார்த்துத்தான் பண்ணேன். ‘தனிக்கட்டையைக் குடும்பஸ்தன் ஆக்குறேன் பாரு’ன்னு சிரிச்சுக்கிட்டே எழுதுவீங்களே.

— சரி, அந்தக் குடும்பம் என்ன சொல்லுது?

— நாலு மணிக்கு இறங்குச்சு. நாலு டோக்கன் குடுத்துச்சு. கூட வந்த பொண்ணு எங்கேன்னு கேட்டா, ‘எந்தப் பொண்ணு?’ன்னு என்னையே கேக்குறாங்க. அந்தம்மா ஐஸ்கிரீம் கடை எங்க இருக்குன்னு விசாரிச்சுட்டுப் போகுது.

— நீ ஒண்ணு. எவனாவது பின்னாடியே வண்டியில வந்திருப்பான். பள்ளத்து வழியா இறங்கி ரெண்டும் கிளம்பியிருக்கும்.

— ஒரு பொண்ணு தனியா மலை பார்க்க வந்தா உங்களுக்குப் பின்னாடி ஒருத்தன் இருந்தே ஆகணும் இல்லை? வாயைக் கழுவுங்க.

— சரி சரி, முறைக்காதே. இப்போ என்னங்கிற?

— அபாயச் சங்கை ஊதணும். ஆணி காலியா இருக்கிறப்பவே ஊதினாத்தான் ரேஞ்சர் தேட ஆள் அனுப்புவார். அஞ்சு மணிக்கு ‘எல்லாரும் இறங்கியாச்சு’ன்னு தகவல் போயிட்டா நாளைக்குக் காலையில ஆறு மணி வரைக்கும் ஒரு ஈ காக்கா மேல போகாது.

— ஊதணுமாம். போன வருஷம் ஊதினேன்மா, இதே கையால. பன்னெண்டு பேர், டார்ச் லைட்டு, கயிறு, நாய்னு மலையைப் புரட்டினாங்க. காணாமப் போன மகராசன் வீட்டுல பல்லு குத்திக்கிட்டு டிவி பார்த்துட்டிருக்கான், டோக்கன் அவன் சட்டைப் பையில. எனக்குப் பத்து நாள் சம்பளம் போச்சு. அதோட விட்டாங்களா? ரேஞ்சர்லேர்ந்து கூட்டுற ஆள் வரைக்கும் எல்லாரும் இன்னைக்கும் என்னை என்னன்னு கூப்பிடுறாங்க?

— சங்கண்ணன்னு.

— என் சொந்தப் பேரு உனக்குத் தெரியுமா?

— தெரியாது.

— பார்த்தியா! அதுக்கப்புறம் முடிவு பண்ணேன், இனி ஆணி காலியா இருக்கவே கூடாதுன்னு.

— அதனால மேல யாராவது கிடந்தாலும் பரவாயில்லை.

— கிடந்தா வீட்டுல தேட மாட்டாங்களா டிகிரி?

— எல்லாருக்கும் தேடுற வீடு இருக்கா? நான் இங்க ரூம் எடுத்துத் தனியா கிடக்கிறேன். இந்தப் படிக்கட்டுல உருண்டு விழுந்து செத்தாலும், ஒண்ணாம் தேதி பணம் வரலைன்னாத்தான் எங்க வீட்டுல போன் பண்ணுவாங்க. அவளும் யாருகிட்டயும் சொல்லாமதான் வந்திருக்கா. ‘லீவு போட்டது வீட்டுக்குத் தெரியாதுக்கா’ன்னா.

— அப்போ இதைக் கேளு. சங்கு ஊதினா ரேஞ்சர் முதல்ல ரசீதைத்தான் புரட்டுவார். நாலை அஞ்சாக்கினது யார் கையெழுத்து? உன்னோடது. தற்காலிக வேலை. நாளைக்கே வேற ஆளை உட்கார வைப்பாங்க. உங்க வம்சத்துலயே காலேஜ் வாசல் மிதிச்ச முதல் ஆளு நீ. தம்பிக்கு ஃபீஸ் கட்டுற. வேணுமா இது?

— பயமாத்தான் இருக்கு.

— ஆங்!

— பயமா இல்லைன்னா நாலரைக்கே ஊதியிருப்பேன். கால் மணி நேரமா உங்ககிட்ட வாயாடிக்கிட்டு நிப்பேனா? நீங்க ஆணியில மாட்டி முடிச்சா என் மேல தப்பில்லைன்னு ஒரு நிமிஷம் எனக்கும் தோணுச்சு. அதை நினைச்சாத்தான் எரியுது. விலகுங்க, சாவியைக் குடுங்க.

— டிகிரி, சொன்னா கேளு...

— சங்குப் பெட்டிச் சாவியைக் குடுங்கண்ணே!

— அக்கா! அக்கா, பூட்டிடாதீங்க! வந்துட்டேன்!

— இதோ வர்றா பார் மகராசி! மஞ்சப் பை! நல்லவேளை, ஊதலை. இன்னும் அரை நிமிஷத்துல நாம ரெண்டு பேரும் சங்குக் குடும்பம் ஆகியிருப்போம்.

— ஏய், மணி என்ன தெரியுமா உனக்கு? நாலரைக்குள்ள இறங்கணும்னு சீட்டுப் பின்னாடி அச்சடிச்சிருக்கே, படிக்கத் தெரியாதா? எவ்வளவு... அடி எதுவும் படலையே?

— சாரிக்கா. சத்தியமா சாரிக்கா. மூச்சு வாங்குது, இருங்க. மூணாம் வளைவுலயே நின்னுட்டேன்கா. கீழே பள்ளத்துலேருந்து ஒரு சத்தம். டொக் டொக்னு, விட்டு விட்டு. ரொம்ப நேரம் கூப்பிட்டுப் பார்த்தேன். பதிலே இல்லை.

— மரங்கொத்தியா இருக்கும்மா. அதுக்கு எங்கே பேசத் தெரியும்? உன்னால இந்த அக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்துச்சு. டோக்கனைக் குடுத்துட்டு ஓடு, பஸ் நிக்குது பார்.

— இந்தாங்கக்கா. ரெண்டையும் வாங்கிக்குங்க.

— ரெண்டா? உனக்கு ஒண்ணுதானே குடுத்தேன்?

— ஒண்ணு என்னோடது. இன்னொண்ணு அங்க கிடந்துச்சுக்கா, வளைவுல தடுப்புக் கம்பி பேர்ந்து கிடக்கே, அந்த ஓரத்துல. அதை எடுக்கக் குனிஞ்சப்போதான் சத்தமே கேட்டுச்சு.

— குடு. முப்பத்தொண்ணு.

— முப்பத்தொண்ணா? அது பலகையிலேயே தொங்குதே. நல்லாப் பாரு டிகிரி.

— தொங்குது. இதுவும் முப்பத்தொண்ணுதான். அண்ணே, பலகையில இருக்கிற டூப்ளிகேட்டை எப்போ மாட்டினீங்க?

— அது வந்து...

— அண்ணே! எப்போ?

— முந்தாநேத்து.