ரெண்டு பக்கமும் ஒரே சீறல்

— மணி ஆறே முக்கால்டா தம்பி. எட்டுக்குப் பழைய கார் கண்காட்சி மைதானத்துல நிக்கணும். இன்னும் பம்பரையே தேச்சுக்கிட்டிருக்கே?

— முகம் தெரியணும்ல அக்கா.

— உன் முகமா? அதுக்கு எதுக்கு இவ்வளவு பாலிஷ்… விடு.

— அடியில தட்டை மாத்து. ஆயில் சொட்டி நிறைஞ்சு கிடக்கு.

— பழைய பிரிட்டிஷ் வண்டி. அப்படித்தான் சொட்டும். சொட்டலைன்னாதான் பயப்படணும்.

— இதையே நடுவர்கிட்டயும் சொல்லு. கோப்பையைத் தூக்கிக் குடுத்துடுவாரு.

— குடுக்காம? கோழி முட்டை போட்டுக்கிட்டிருந்த ஸ்போர்ட்ஸ் காருடா இது! சீட்டுல புல் முளைச்சிருந்துச்சு. இப்போ பாரு… நீ தைச்ச தோலுல ஒரு தையல் கோணல் காட்டட்டும் பாக்கலாம்.

— நீ மாட்டின எஞ்சின்ல ஒரு நட்டு மிச்சமாச்சே, அதைக் காட்டட்டுமா?

— அது மிச்சமில்ல. ஸ்பேரு.

— அக்கா… ஒண்ணு சொல்லவா?

— மொதல்ல ஸ்டார்ட் பண்ணு.

— …ம். பிடிச்சிருச்சு.

— ஆகா! என்ன குரல்டா இவளுக்கு. டியூபைக் குடு.

— இன்னிக்கு வேண்டாமே. நேத்து சரியாத்தானே இருந்துச்சு.

— ரெண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காத்து இழுக்குதான்னு கேக்காம என்னிக்காவது வண்டியை வெளிய எடுத்திருக்கேனா? குடுடா.

— இந்தா…

— பேசாம இரு. ஒரு முனை கார்புரேட்டர் வாயில… ஒரு முனை காதுல… இது முன்னாடி இருக்கறது. இப்போ… பின்னாடி…

— எப்படியிருக்கு?

— ரெண்டுலயும் ஒரே சீறல். மயிரிழை வித்தியாசம் இல்ல.

— போதும், நிறுத்திட்டேன்.

— என்னடா முழிக்கிறே? ஏன் எஞ்சினை நிறுத்தினே?

— அங்க நடுவர் கார்புரேட்டர் ஸ்க்ரூவைக் கலைச்சு விட்டு, கண்ணெதிர்லயே சரி பண்ணச் சொல்லுவாராம். அத்தனை பேர் சுத்தி நிப்பாங்க. யாராவது உன்னைப் பாத்துச் சிரிச்சா… என்னால தாங்க முடியாது.

— என்னைப் பாத்து எதுக்குச் சிரிக்கணும்?

— அந்த டியூபுக்குள்ள துணி அடைச்சிருக்கேன் அக்கா. சீறலே வராது.

— துணியா?

— கோச்சுக்காதே. பேச்செல்லாம் உனக்குக் கேக்குது. அந்த மெல்லிசு சத்தம்தான் கேக்கலை. ஒரு வருஷமா தெரியும். நீ குளிக்கப் போனதும் நான்தான் ஸ்க்ரூவைத் திருகி…

— காதுதான்டா போச்சு. கை இருக்கே.

— என்ன?

— கியர் மேல கை வெச்சா எனக்குத் தெரியாதா? என் காது நல்லா இருந்தப்பவே ஒரு சின்ன நடுக்கம் இருக்கும். நான் எவ்வளவு திருகியும் போகலை. ஒரு வருஷமா அது இல்ல. தண்ணி மேல போற மாதிரிப் போறா.

— அப்போ… தெரிஞ்சேவா தினமும் டியூபைக் காதுல வெச்சுக்கிட்டு நின்னே?

— நின்னேனா? வேணும்னே ஒரு பக்கத்து ஸ்க்ரூவைக் கலைச்சும் விட்டுட்டுப் போவேன். குளிச்சிட்டு வந்து கை வெச்சுப் பாப்பேன். ஒரு நாள் கூடத் தப்பலைடா நீ.

— அடிப்பாவி! …சரி, இப்போ நடுவர்கிட்ட என்ன சொல்றது?

— நேத்து பேர் குடுக்கப் போனப்ப மைதானத்துல நேர்லயே கேட்டாரு, டியூனிங் யாருன்னு. என் தம்பி, அவன் காதுக்கு ஈடே கிடையாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அந்தத் துணியை உருவிட்டு, டியூபை எடுத்து உன் பாக்கெட்ல வைடா.