துக்க வீட்டுக்கும் கேரல்

மூன்றாம் வகுப்போடு நின்று, இரண்டு அரிசி ஆலை கட்டியவன் நான். கார் இருந்தும் அம்பாசமுத்திரத்துக்குப் பேருந்தில்தான் போவேன்; ஊர்ப் பேச்சு காரில் கிடைக்காது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், சேரன்மகாதேவி தாண்டியதும், மடியில் காகித ஸ்டார் வைத்திருந்த ஒரு அம்மாள் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்:

“நான் அழுவேன். நீங்க பாட்டை நிறுத்தப்பிடாது.”

நின்றவர், கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடும் சர்ச் கேரல் குழுவில் டிரம் அடிப்பவராம்.

“அண்ணன் தவறி இன்னும் வருஷம் திரும்பலயே மதினி. துக்க வீட்டுல எப்படிப் பாட?”

“அதுக்காக எங்க வீட்டைத் தாண்டிப் போயிருவியளோ? மாட்டுத் தொழுவத்துல வந்து பொறந்தவரு, புருஷன் செத்த வீட்டுக்கு வரமாட்டாரா?”

“அதுக்கில்ல மதினி. நான் தாளம் தப்புனா அண்ணன் வாசல்லயே நின்னு வைவாவளே...”

“இந்த வருஷம் வைய ஆளில்ல. தைரியமா அடி.”

இருவரும் சிரித்தார்கள். அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சரி மதினி. ஆனா உங்க வீட்டுக்குக் கடைசியாத்தான் வருவோம்.”

“ஏன் கடைசி?”

“அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டாம்லா. நீங்க அழுது முடிக்கிறவரைக்கும் பாடலாம்.”